கிருபையும் தனிப்பந்தியும்

(திருவண்ணாமலையில் நடந்த வாசகர் கூடுகை ஒன்றில் பேசியதன் எழுத்து வடிவம். நேரமின்மையால் அன்று சொல்லாமல் விட்ட சில இடங்கள் சேர்க்கப்பட்டுள்ளன.)

 

இன்று எதைப் பற்றிப் பேசப் போகிறேன் என்று ஏற்பாட்டாளர் தோழர் கேட்டபோது, “கிருபையால், விசுவாசத்தின் வழியே இரட்சிப்பு” என்றேன். கொஞ்ச நேரம் போனில் சத்தமே இல்லை. பிறகு, “ஏம்மா, ஞாயித்துக்கெழம சர்ச்சுல பேச வேண்டியத இங்க பேசப் போறியா?” என்றார். நியாயமான கேள்விதான். நான் சர்ச்சுக்குப் போய் எட்டு வருடம் ஆகிறது. என்னை விசுவாசி என்று யாரும் ஒப்புக்கொள்ள மாட்டார்கள். நானும் சொல்லிக்கொள்வதில்லை. ஆனால் என் முனைவர் பட்ட ஆய்வு தமிழ்நாட்டு மிஷன்களும் சாதியும் பற்றியது. நான்கு வருடமாக அந்தக் காகிதங்களோடு கிடக்கிறேன். எங்கே சுற்றினாலும் இந்த ஒரு கோட்பாட்டில் வந்து முட்டிக்கொள்கிறேன். திருச்சபைக்குள் சாதியை உடைக்க நினைத்தவர்களும் இதைத்தான் கையில் எடுத்தார்கள். சாதியைக் காப்பாற்ற நினைத்தவர்களும் இதையேதான் எடுத்தார்கள். அது எப்படி முடிந்தது என்பதுதான் இன்றைய பேச்சு.

முதலில் எங்கள் ஆயாவிடமிருந்து தொடங்குகிறேன். இங்கிருந்து பஸ்ஸில் முக்கால் மணி நேரம் போனால் எங்கள் ஊர். ஊர் என்று பழக்கத்தில் சொல்லிவிட்டேன், காலனி. ஆயா வீட்டுச் சுவரில் ஒரு வசன காலண்டர் தொங்கும். ஒவ்வொரு புத்தாண்டுக்கும் சபையில் கொடுப்பது. பழைய காலண்டரில் தேதித் தாள் தீர்ந்த பிறகும் வசனம் அச்சிட்ட அட்டையைக் கழற்ற மாட்டாள். ஆயாவுக்கு எழுத்து தெரியாது. நான்தான் படித்துச் சொல்ல வேண்டும். அதில் அடிக்கடி வரும் வசனம் எபேசியர் 2:8. கிருபையைப் பற்றியது. நான் ஆறாவதோ ஏழாவதோ படிக்கும்போது கேட்டேன், “கிருபைன்னா இன்னா ஆயா?”

அன்று மல்லாட்டை பிடுங்கிவிட்டு வந்து, கையில் மண்ணோடு திண்ணையில் உட்கார்ந்திருந்தாள். “கூலி இல்ல பாப்பா அது. கூலின்னா நாம கேட்டு வாங்கணும், கொறைச்சா சண்ட போடணும். இது கேக்காமயே குடுக்கறது. குடுத்துட்டு அப்புறம் சொல்லிக் காட்டாதது” என்றாள்.

பல வருடம் கழித்து ரோமருக்கு எழுதிய நிருபத்தின் நாலாம் அதிகாரத்தைப் படித்தபோது, பவுலும் கூலியையும் கிருபையையும்தான் எதிரெதிரே வைத்து விளக்குகிறார் என்று பார்த்தேன். ஆயாவின் கடைசி வரி மட்டும் பவுலிடம் இல்லை. ஆண்டை வீட்டில் பழைய புடவை வாங்கி, அதைப் பத்து வருடம் சொல்லிக் காட்டக் கேட்டவர்களுக்குத்தான் அந்த வரி வரும்.

கோட்பாடு என்ன என்பதைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன், தெரியாதவர்களுக்காக. மனிதர் தன் நற்செயலாலோ, சடங்காலோ, பிறப்பாலோ கடவுள் முன் நிற்கும் தகுதியைச் சம்பாதிக்க முடியாது. கடவுள் அதை இலவசமாகத் தருகிறார். அந்த இலவசம்தான் கிருபை. நம்பிக் கையை நீட்டுவதுதான் விசுவாசம். இந்த நம்பிக்கையும்கூட ஒரு சாதனை அல்ல என்பார்கள். 1517இல் ஜெர்மனியில் பாவமன்னிப்புச் சீட்டு விற்றதை எதிர்த்து மார்ட்டின் லுத்தர் கிளம்பியது பெரும் கலகமாக வளர்ந்ததும் இந்தக் கோட்பாட்டைக் கொண்டுதான். புராட்டஸ்டன்ட் தமிழில் கிருபை. கத்தோலிக்கரும் இணைந்து 1995இல் கொண்டுவந்த பொது மொழிபெயர்ப்பில் அருள்.

அருள் என்று இந்த ஊரில் சொன்னால் எல்லோரும் மலையைத் திரும்பிப் பார்ப்பார்கள். சைவத்துக்கும் அருள்தான் மையச் சொல். நந்தனாருக்கும் அருள் கிடைத்தது, தீயில் இறங்கிய பிறகு. பெரியபுராணத்தில் தீயிலிருந்து வெளியே வருகிறவர் புலையர் இல்லை, பூணூல் அணிந்த முனிவர். அருள் வந்து சேர்வதற்குள் அந்த உடம்பு போய்விட வேண்டியிருந்தது. அதைப் பழங்கதை என்று தள்ளிவிட முடியாது. நம் மாவட்டத்துத் தென்முடியனூரில் முத்துமாரியம்மன் கோயிலுக்குள் தலித் மக்கள் நுழைய 2023 ஜனவரி 30 அன்று கலெக்டரும் போலீசும் கூடவே வர வேண்டியிருந்தது. அதே ஆண்டு ஆகஸ்டில் செல்லங்குப்பத்திலும் அப்படியே.

கிறித்தவம் தீ கேட்கவில்லை. இருக்கிறபடியே வா என்றது. எங்கள் முன்னோர் போனார்கள். போன இடத்தில் என்ன நடந்தது என்பதற்கு முன், இந்தக் கோட்பாடு எங்கே பிறந்தது என்று பார்க்க வேண்டும். அது ஒரு பந்தியில் பிறந்தது. நான் விளையாட்டுக்குச் சொல்லவில்லை.

கலாத்தியருக்கு எழுதிய நிருபத்தின் இரண்டாம் அதிகாரத்தில் ஒரு சண்டை வருகிறது. அந்தியோகியா நகரத்துச் சபையில் யூதரும் யூதரல்லாதவரும் ஒன்றாக உட்கார்ந்து சாப்பிட்டுக்கொண்டிருந்தார்கள். பேதுருவும் சேர்ந்து சாப்பிட்டார். எருசலேமிலிருந்து யாக்கோபின் ஆட்கள் சிலர் வந்ததும், அவர்கள் என்ன நினைப்பார்களோ என்று பயந்து பேதுரு மெல்ல எழுந்து தனியாகப் போய்விட்டார். அவரைப் பார்த்து மற்ற யூதர்களும் எழுந்துவிட்டார்கள். பவுல் எல்லார் முன்னிலையிலும் பேதுருவை நேருக்கு நேர் கேட்டார். அந்தக் கேள்வியின் தொடர்ச்சியாகத்தான், நியாயப்பிரமாணத்தின் கிரியைகளால் யாரும் நீதிமானாக்கப்படுவதில்லை, விசுவாசத்தால்தான் என்ற பேச்சு வருகிறது. பவுலின் நிருபங்களில் இந்த வாதத்தின் மிகப் பழைய வடிவம் இதுதான் என்று அறிஞர்களில் பலர் கருதுகிறார்கள்.

தோழர்களே, இதைக் கொஞ்சம் நம் ஊர் வைத்து யோசித்துப் பாருங்கள். கல்யாண வீட்டில் எல்லோரும் ஒன்றாக உட்கார்ந்திருக்கிறார்கள். ஊரிலிருந்து நாலு பெரிய மனிதர்கள் வந்ததும் ஒருவர் இலையை விட்டு எழுந்துவிடுகிறார். “எனக்கு ஒண்ணும் இல்லப்பா, அவங்க ஏதாவது நினைப்பாங்க.” இந்த வசனத்தைக் கேட்காதவர் இங்கே யாராவது உண்டா? நம் வீட்டுக்கு வந்து தண்ணீர் வேண்டாம், இப்போதுதான் குடித்தேன் என்று சொல்லும் முற்போக்கு நண்பர்களைக்கூட எனக்குத் தெரியும்.

ஆயாவின் காலண்டர் வசனத்துக்கும் இதே கதைதான். எபேசியர் இரண்டாம் அதிகாரத்தின் எட்டாம் வசனம் கிருபை. அதே அதிகாரத்தில் ஆறு வசனம் தள்ளி, பதினாலாம் வசனத்தில் ஒரு சுவர் இடிக்கப்படுகிறது. இரு கூட்டத்தைப் பிரித்து நின்ற நடுச்சுவர். எருசலேம் ஆலயத்தில் அந்நியர் எதுவரை வரலாம் என்பதைக் காட்ட ஒரு தடுப்புச் சுவர் இருந்தது. மீறி உள்ளே வந்தால் சாவுதான் என்று எச்சரிக்கும் கல்வெட்டு 1871இல் கிடைத்தது. அந்தச் சுவரை மனதில் வைத்துத்தான் இந்த வசனம் எழுதப்பட்டது என்று சொல்கிறவர்கள் உண்டு. எட்டாம் வசனம் அச்சிட்ட காலண்டர் நூறு பார்த்திருக்கிறேன். பதினாலாம் வசனத்தோடு ஒன்றுகூட இதுவரை என் கண்ணில் படவில்லை. திருச்சி மேலப்புதூர் கத்தோலிக்கக் கல்லறையில் தலித்துகளின் பிணத்தையும் மற்றவர் பிணத்தையும் பிரிக்கச் சுவர் எழுப்பியவர்கள் வீட்டிலும் ஏதாவது ஒரு வசனம் தொங்கியிருக்கும்.

இனி தரங்கம்பாடி. 1706 ஜூலையில் சீகன்பால்கு வந்து இறங்குகிறார். லுத்தரன். கிருபைக் கோட்பாட்டை ரத்தத்தில் ஏற்றிக்கொண்டு வந்தவர். மறு வருடம் மே மாதம் முதல் ஞானஸ்நானம் பெற்ற ஐந்து பேரும் டேனிஷ்காரர்களிடம் அடிமை வேலை செய்தவர்கள். தொடக்கம் சரியாகத்தான் இருந்தது. ஆனால் சபை வளர வளர, உயர்சாதியாரும் பறையரும் கோயிலுக்குள் இடம் விட்டுத் தனித்தனியாக உட்கார்வது வழக்கமாகிவிட்டது. நற்கருணைக் கிண்ணத்தில் யார் முதலில் வாய் வைப்பது என்பதும் சாதி வரிசைதான்.

இங்கேதான் ராஜநாயக்கன் வருகிறார். என் ஆய்வில் என்னைத் தூங்கவிடாத ஆள் இவர். பறையர். பிறப்பால் கத்தோலிக்கர். தஞ்சை மராட்டிய அரசரின் படையில் இருந்தவர். தரங்கம்பாடியில் அச்சான தமிழ்ப் புத்தகங்கள் கைக்குக் கிடைக்கின்றன. படிக்கிறார். யாரும் தேடிப் போய் அவரை மாற்றவில்லை. அவரே படித்து, அவரே முடிவெடுத்து, 1720களின் கடைசியில் லுத்தரன் மிஷனோடு வந்து சேர்கிறார். தஞ்சைப் பகுதியில் உபதேசியாராக வேலை செய்கிறார். 1771இல் இறக்கும்வரை ஏறத்தாழ நாற்பது ஆண்டு. அந்தப் பகுதியில் மிஷன் காலூன்றியதற்கு இவர் பெரிய காரணம்.

இவரைக் குருவாக அபிஷேகம் செய்யலாமா என்று மிஷனரிகள் யோசித்தார்கள். வேண்டாம் என்று முடிவு செய்தார்கள். காரணம் திறமையோ நடத்தையோ அல்ல. ஒரு பறையர் கையிலிருந்து வெள்ளாளக் கிறித்தவர்கள் நற்கருணை வாங்க மாட்டார்கள் என்ற பயம். 1733 டிசம்பர் 28 அன்று ஆரோன் என்ற வெள்ளாளர் குருவானார். இந்தியாவின் முதல் புராட்டஸ்டன்ட் இந்தியக் குரு என்று வரலாற்றில் அவர் பெயர் இருக்கிறது. ஆரோன் மேல் எனக்கு எந்தக் குறையும் இல்லை, நல்ல உழைப்பாளி. ராஜநாயக்கன் கடைசிவரை உபதேசியார்தான்.

இதில் என்ன வேடிக்கை என்று கேளுங்கள். லுத்தரன்களின் அடிப்படை ஆவணம் 1530ஆம் ஆண்டு ஆக்ஸ்பர்க் விசுவாச அறிக்கை. ஒவ்வொரு குருவும் அதை ஏற்றுக்கொண்டுதான் பதவிக்கு வருவார். அதன் எட்டாவது பிரிவு ஒரு பழைய தகராறைத் தீர்த்துவைக்கிறது. கெட்ட நடத்தையுள்ள குரு கொடுக்கும் நற்கருணை செல்லுமா செல்லாதா? செல்லும் என்கிறது அறிக்கை. கொடுக்கிற கையின் யோக்கியதையில் எதுவும் இல்லை, கொடுக்கிறவர் கடவுள். கிருபைக் கோட்பாட்டின் நேரான விளைவு இது. அப்படியானால் குடிகாரன் கை செல்லும், திருடன் கை செல்லும். நாற்பது வருடம் உழைத்த பறையர் கை மட்டும் செல்லாது. அவர்கள் வேதாகமத்தை மீறினார்கள் என்றுகூட நான் சொல்ல வரவில்லை. தங்கள் சொந்த அறிக்கையையே மீறினார்கள். அதுவும் எதற்காக? வந்திருக்கிற நாலு பெரிய மனிதர்கள் என்ன நினைப்பார்களோ என்று. அந்தியோகியாவில் பேதுரு இலையை விட்டு எழுந்ததும் இதற்காகத்தான்.

அடுத்த நூறு வருடத்தை வேகமாகக் கடக்கிறேன். 1833இல் கல்கத்தா பிஷப் டேனியல் வில்சன், சபைக்குள் சாதி உடனடியாக ஒழிய வேண்டும் என்று சுற்றறிக்கை விட்டார். தஞ்சையிலும் வேப்பேரியிலும் உயர்சாதிக் கிறித்தவர்கள் கொதித்துப் போனார்கள். அதற்கு முன்பே தஞ்சை வேதநாயக சாஸ்திரியார் சாதி வழக்கங்களுக்கு ஆதரவாக எழுதிக்கொண்டிருந்தார். இன்றும் எல்லாச் சபைகளிலும் அவர் பாட்டுகளைப் பாடுகிறார்கள். நானும் பாடித்தான் வளர்ந்தேன், நல்ல பாட்டுகள், என்ன செய்வது? ஆங்கிலிக்கன் சபையிலிருந்து வெளியேறியவர்களில் பலருக்குப் பின்னாளில் புகலிடமாக அமைந்தது ஜெர்மனியின் லைப்சிக் லுத்தரன் மிஷன்.

லைப்சிக் மிஷனின் இயக்குநர் கார்ல் கிரவுல். தமிழ் கற்று, திருக்குறளை ஜெர்மன் மொழியில் பெயர்த்தவர். பிறப்பால் எல்லா உயிரும் ஒன்று என்று சொல்லும் குறளையும் சேர்த்துத்தான் பெயர்த்திருப்பார். அவருடைய வாதத்தைக் கவனியுங்கள். சாதி என்பது குடிமைச் சமூகத்தின் வழக்கம், மதம் அல்ல. வெளி வழக்கம் எதுவும் மனிதரை இரட்சிப்பதும் இல்லை, கெடுப்பதும் இல்லை. விசுவாசம் உள்ளே இருந்தால் போதும். சாதியை விட்டால்தான் சேர்ப்போம், ஒன்றாக உட்கார்ந்து சாப்பிட்டுக் காட்டினால்தான் ஏற்போம் என்று நிபந்தனை போடுவது கிருபை இல்லை, சட்டம். சுவிசேஷம் புளித்த மாவு மாதிரி உள்ளிருந்து மெல்ல வேலை செய்யும், காத்திருங்கள்.

அப்போது மற்ற மிஷன்கள் சிலவற்றில் சமபந்தியை ஒரு பரீட்சையாகவே வைத்திருந்தார்கள். அமெரிக்கன் மதுரை மிஷனில் அப்படி உட்கார மறுத்து வேலையை விட்டுப் போன உபதேசியார்கள் உண்டு. கிரவுலுக்கு அது பிடிக்கவில்லை. அவர் வாதம் கெட்டிக்காரத்தனமானது என்பதை ஒப்புக்கொள்ள வேண்டும். பந்தியில் பிறந்த கோட்பாட்டை எடுத்து, பந்தியில் சேர்ந்து உட்கார வேண்டாம் என்பதற்குச் சாட்சியாக நிறுத்திவிட்டார்.

லைப்சிக் மிஷனுக்குள்ளேயே ஒருவருக்கு இது பொறுக்கவில்லை. கார்ல் ஓக்ஸ் என்ற மிஷனரி. சாதிப் பிரச்சினையில் மோதி வெளியே வந்தார். நெல்லிக்குப்பம் பக்கத்தில் மேல்பட்டாம்பாக்கத்தில் தனியாகப் பணி தொடங்கினார். 1860களில் டேனிஷ் மிஷனரி சங்கம் அவரோடு கைகோத்தது. அங்கிருந்துதான் அந்த மிஷன் பழைய தென்னாற்காட்டிலும் இந்தப் பக்கமும் பரவி, திருவண்ணாமலைக்கும் வந்தது. இன்று கடலூரைத் தலைமையிடமாகக் கொண்ட ஆற்காடு லுத்தரன் திருச்சபை அந்த வழியில் வந்தது. இந்த ஊரின் டேனிஷ் மிஷன் பள்ளியில் படித்தவர்கள் இந்த அறையிலேயே சிலர் இருக்கிறீர்கள். நீங்கள் தினமும் கடந்து போன அந்தப் பெயர்ப் பலகைக்குப் பின்னால், சேர்ந்து சாப்பிடுவதா வேண்டாமா என்ற சண்டை ஒன்று இருக்கிறது.

அதற்காக ஓக்ஸைப் பெரியாராக்கிவிட வேண்டாம். வெள்ளைக்கார மிஷனரிதான். அவர் தொடங்கிய வழியில் சாதி செத்துவிட்டது என்றும் யாரும் சொல்ல முடியாது. எங்கள் ஊர்ச் சிறிய சபையில் பிரச்சினை எழாததற்குக் காரணம் கிருபை அல்ல. வந்தவர்கள் அத்தனை பேரும் காலனிக்காரர்கள், அவ்வளவுதான்.

இந்த இடத்தில் நம் தோழர்கள் அம்பேத்கரை நினைவுபடுத்துவார்கள். மதம் மாறிய தீண்டப்படாதவர்களின் நிலை பற்றி அவர் எழுதி, மறைவுக்குப் பின் வெளியான கட்டுரையில் கடுமையான ஒரு குற்றச்சாட்டு இருக்கிறது. மனிதனின் வீழ்ச்சிக்கு அவன் பாவமே காரணம் என்று சொல்லிக் கொடுத்துவிட்டால், தன்னை மிதிக்கிற சமூகத்தைக் குற்றம் சொல்ல அவனுக்கு எப்படித் தோன்றும் என்று கேட்கிறார். எனக்கு இதில் பாதி உடன்பாடு. பிரசங்கங்களில் கேட்டது பெரும்பாலும் அதுதான். என் பாவம், என் இதயம், என் இரட்சிப்பு. கூலி கொடுக்காத ஆண்டையின் பாவத்தைப் பற்றி ஒரு ஞாயிறுகூட நான் கேட்டதில்லை. கிரவுல் போட்ட கோடு அது, உள்ளே விசுவாசம், வெளியே வழக்கம். ஆனால் கோட்பாட்டின் பிறப்பிடம் அந்தக் கோட்டுக்குள் அடங்கவில்லை என்பதும் உண்மை. மதுரை அரசரடி இறையியல் கல்லூரியில் பேராசிரியராக இருந்த தியோபிலஸ் அப்பாவு, பரட்டை என்று நம்மில் பலருக்குத் தெரிந்தவர், இரட்சிப்பையே ஒரே உலையில் பொங்கிச் சேர்ந்து சாப்பிடுவதாகச் சொன்னார். கிராமியப் பாட்டாகவும் கட்டினார். பவுல் அந்தியோகியாவில் விட்ட இடத்திலிருந்து ஒருவர் தமிழில் தொடர்ந்தார் என்று அதைப் படிக்கும்போது எனக்குத் தோன்றும்.

சரி, கோயில் பக்கமே போகாத நமக்கு இதில் என்ன என்று கேட்கலாம்.

மத்தேயு 20ஆம் அதிகாரத்தில் ஒரு கூலிக் கதை உண்டு. ஆயாவுக்கு ரொம்பப் பிடித்தது. திராட்சைத் தோட்டக்காரர் காலையில் ஆள் பிடிக்கிறார். பிறகு ஒன்பது மணி, பன்னிரண்டு, மூன்று. பொழுது சாய ஒரு மணி நேரம் இருக்கும்போது போனால் சிலர் இன்னும் நின்றுகொண்டிருக்கிறார்கள். ஏன் சும்மா நிற்கிறீர்கள் என்றால், எங்களை யாரும் கூப்பிடவில்லை என்கிறார்கள். கடைசியில் எல்லோருக்கும் ஒரே கூலி. பிரசங்கியார் இதைக் கடவுளின் தாராளம் என்று முடித்துவிடுவார். ஆயா வேறு இடத்தைப் பிடிப்பாள். “சாயந்தரம் வரைக்கும் நிக்கறது யாரு? கெழவி நிப்பா, நொண்டி நிப்பான், புள்ளத்தாச்சி நிப்பா. அவங்களுக்கும் ராத்திரி ஒல வைக்கணும் இல்ல?”

அந்தக் கதையில் காலையில் வந்தவர்கள் ஒரு புகார் சொல்கிறார்கள். கூலி குறைந்தது என்பது அல்ல புகார், பேசின கூலி வந்துவிட்டது. அவர்களை எங்களுக்குச் சமமாக்கிவிட்டாயே என்பதுதான் புகார். இந்தக் குரலை நமக்கு அடையாளம் தெரியாதா? கல்லூரி கேன்டீனில், வாட்ஸப் குழுவில், நேர்முகத் தேர்வு அறையில் “தகுதி, திறமை” என்ற பெயரில் தினமும் கேட்கிறோம். சாதி என்பதே ஒரு தகுதிக் கோட்பாடு. போன ஜென்மத்தில் சம்பாதித்தான், இந்த ஜென்மத்தில் அனுபவிக்கிறான் என்று கணக்கு எழுதும் கோட்பாடு. மனிதர் நிற்பதற்குத் தகுதி தேவையில்லை என்கிறது கிருபை. நம் பக்கத்திலும் ஒரு பழக்கம் இருக்கிறது, நன்றாகப் படித்து, சுத்தமாக உடுத்தி, பெரிய வேலைக்குப் போனால் மதிப்பார்கள் என்று பிள்ளைகளுக்குச் சொல்வது. ஆசையில்தான் சொல்கிறோம். ஆனால் மரியாதை என்பதைக் கூலியாக மாற்றிவிடுகிறோம். படிக்காத எங்கள் ஆயாவுக்கு அந்தக் கணக்கில் இடம் எங்கே?

இன்னொரு விஷயம் விசுவாசத்துக்கு அரசு போட்ட விலை. 1950 ஆகஸ்ட் 10 அன்று வந்த குடியரசுத் தலைவர் ஆணையின்படி, இந்து அல்லாதவர் பட்டியல் சாதியில் இல்லை. 1956இல் சீக்கியர், 1990இல் பௌத்தர் சேர்க்கப்பட்டார்கள். கிறித்தவரும் முஸ்லிமும் இன்றுவரை வெளியே. சென்னை நடைபாதையில் செருப்புத் தைத்த சூசை என்பவர், இந்து செருப்புத் தொழிலாளர்களுக்கு அரசு கொடுத்த பெட்டிக்கடை தனக்கும் வேண்டும் என்று உச்ச நீதிமன்றம்வரை போனார். அதே நடைபாதை, அதே தொழில், அதே சாதி. மதம் மாறிய பிறகும் அதே அளவு கொடுமை தொடர்கிறது என்று காட்டப்படவில்லை என 1985இல் அவர் மனு தள்ளுபடியானது. 2008 மார்ச்சில் இறையூரில், தலித் கத்தோலிக்கர் தனிப் பங்கு கேட்டது கலவரமாகி, போலீஸ் துப்பாக்கிச் சூட்டில் இரண்டு பேர் செத்தார்கள். 2016 டிசம்பரில் இந்தியக் கத்தோலிக்க ஆயர்களே சபைக்குள் தீண்டாமை உண்டு என்று எழுத்தில் ஒப்புக்கொண்டார்கள். இன்னும் என்ன காட்ட வேண்டும்? 2024 நவம்பரில் புதுச்சேரிப் பெண் ஒருவரின் வழக்கிலும் உச்ச நீதிமன்றம் பட்டியல் சாதிச் சான்றிதழை மறுத்தது. அவர் கோயிலுக்குத் தவறாமல் போனதே அவருக்கு எதிரான சாட்சியம்.

தமிழ்நாட்டில் மதம் மாறிய ஆதிதிராவிடர் பிற்படுத்தப்பட்டோர். என் சான்றிதழ் பி.சி. என் சித்தப்பா, பிள்ளைகளைப் பள்ளியில் சேர்க்கும்போது ‘இந்து’ என்று எழுதிவிட்டார். அவர்கள் எஸ்.சி. ஒரே தெரு, ஒரே ஆயா, ஊருக்குள் போனால் ஒரே பார்வை. முனைவர் பட்டத்துக்கு நேர்முகத் தேர்வுக்குப் போனபோது ஒரு பேராசிரியர் என் தாள்களைப் புரட்டிவிட்டு, “நீங்க பி.சி. தானே, தலித் பிரச்சினை எல்லாம் உங்களுக்கு எதுக்கு?” என்றார். சிரித்துக்கொண்டேதான் கேட்டார். அன்று எனக்குப் பதில் வரவில்லை.

கடைசியாக ஒன்று. என் தம்பிக்கு ஆறு மாதத்துக்கு முன் பெண் குழந்தை பிறந்தது. அவன் மனைவி வீட்டார் இந்துக்கள். குழந்தைக்கு ஞானஸ்நானம் கொடுக்க வேண்டும் என்பது ஆயாவின் ஆசை. லுத்தரன்கள் கைக்குழந்தைக்குக் கொடுப்பார்கள். ஏன் என்றால், எதையும் செய்யாத, எதையும் சம்பாதிக்காத, கேட்கக்கூடத் தெரியாத ஒரு உயிருக்குக் கொடுப்பதைவிடக் கிருபைக்கு வேறு என்ன விளக்கம் வேண்டும் என்பார்கள். தம்பி போதகரைப் பார்க்கப் போனான். எங்கள் பக்கம் போதகரை ஐயர் என்றுதான் கூப்பிடுவோம், அது தனிக் கதை. “ஐயரே, ரிஜிஸ்டர்ல பேர் எழுதாம ஞானஸ்நானம் குடுக்க முடியுமா?” என்று கேட்டிருக்கிறான். அவர் நல்ல மனிதர், அவரும் காலனிதான். ரொம்ப நேரம் பேசாமல் இருந்துவிட்டு, “முடியாதுப்பா” என்றாராம்.

ஆயா இன்னும் கேட்டுக்கொண்டே இருக்கிறாள், எந்த ஞாயிற்றுக்கிழமை என்று. தம்பி எனக்குப் போன் செய்து, “நீதான் இதையே படிக்கிறியே, நீ சொல்லு” என்கிறான்.